விண்ட்சர்ஃபிங்: ஒரே ஒரு பாய் வாங்குவதென்றால் எந்த அளவு?

கேள்வி | மார்ச் 2

என் எடை 75 கிலோ. பாய் கட்டிய பலகையில் நின்று நேராகப் போகவும் திரும்பி வரவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஹார்னஸ், அதாவது பாயின் இழுப்பை உடல் எடையால் தாங்க இடுப்பில் கட்டும் பட்டை, இப்போதுதான் பழகுகிறேன். பலகையின் கன அளவு 145 லிட்டர். சொந்தமாக ஒரே ஒரு பாய் வாங்க வேண்டும். பெரியதாக 7.5 சதுர மீட்டர் பாய் வாங்கிவிட்டால் குறைந்த காற்றிலும் போகலாம், காற்று கூடினால் கயிறுகளை இறுக்கிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். சிறிய பாயைப் பெரிதாக்க முடியாது, பெரிய பாயை அடக்க முடியும் என்பதுதான் என் கணிப்பும். சரிதானா?

மார்ச் 2, இரவு

சரியில்லை. 7.5 வேண்டாம், 5.8 வாங்குங்கள். கிடைப்பது 6.0 என்றாலும் குற்றமில்லை. காரணங்களை நாளை எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 10 நாட் (காற்றின் வேகத்துக்கான அலகு) காற்று 14 ஆனாலே விசை ஏறக்குறைய இரட்டிப்பு. 20 ஆனால் நான்கு மடங்கு. கரையில் நிற்கும்போது 'கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறது' என்று தோன்றுகிற காற்று, பூமை, அதாவது பாயின் குறுக்கே கையால் பிடிக்கும் கம்பை, பிடித்திருப்பவரை அப்படியே தூக்கி முன்னால் எறிந்துவிடும்.

மார்ச் 3

பலரும் பயன்படுத்தும் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள். வரும் எண்ணைக் காற்றின் வேகத்தால், அதாவது நாட் கணக்கால், வகுத்தால் பாயின் அளவு சதுர மீட்டரில் வந்துவிடும்.

75 கிலோவுக்கு அந்த முதல் எண் சரியாக 100. ஆகவே உங்களுக்கு மனக்கணக்கே போதும். 20 நாட் காற்றுக்கு 5.0, 17 நாட் காற்றுக்கு 5.9, 14 நாட் காற்றுக்கு 7.1, 25 நாட் காற்றுக்கு 4.0. திருப்பியும் போட்டுப் பார்க்கலாம்: நீங்கள் நினைக்கும் 7.5 பாய்க்கு உகந்த காற்று 13 நாட் சுற்றுவட்டாரம். அதே பாயோடு 20 நாட் காற்றில் மாட்டிக்கொண்டால் விசை இரண்டே கால் மடங்கு. ஹார்னஸ் பழகும் நிலையில் இருப்பவர் அந்தக் காற்றில் செய்வதெல்லாம் விழுவதும் பாயை நீரிலிருந்து தூக்குவதும்தான்.

தூக்குவதைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. நீரில் கிடக்கும் பாயின் மேல் தண்ணீர் குளம்போலத் தேங்கி நிற்கும். கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது முதல் சில விநாடிகள் நீங்கள் தூக்குவது பாயை அல்ல, தண்ணீரை. பரப்பு கூடக்கூட அந்தத் தண்ணீரும் கூடுகிறது, பாய்மரமும் நீளமாகிறது, பூமும் நீளமாகிறது. 5.8 பாயைத் தூக்கித் தூக்கி ஒரு மணி நேரம் பயிலும் அதே முதுகு 7.5 பாயோடு அரை மணியில் கெஞ்சும். கற்றுக்கொள்பவருக்கு இந்த அரை மணி நேர இழப்புதான் பெரிய நஷ்டம்.

மார்ச் 3, பிற்பகல்

மேலே சொன்ன கணக்கு பலகை நீரின் மேல் எழும்பிச் சறுக்கும் நிலைக்கானது. பிளேனிங் என்பார்களே, அது. நீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் நிலைக்கு அல்ல. உங்கள் பலகையில் 5.8 பாயோடு 10 நாட் காற்றில் போனால் பிளேனிங் வராது. வரவும் வேண்டாம். பலகையைச் சுற்றிக் கால் மாற்றுவது, பாயை முன்னும் பின்னும் சாய்த்துத் திசை திருப்புவது, ஹார்னஸின் கொக்கியைப் பூமின் கயிற்றில் மாட்டிக் கழற்றுவது எல்லாம் அந்த மெதுவான காற்றில்தான் உடம்பில் ஏறும். காற்று 17 ஆகும்போது அதே பாய் உங்களைச் சறுக்கிக்கொண்டு போகும். ஒரே பாய் இரண்டு பாடம் சொல்லிக்கொடுக்கிறது. 7.5 அப்படிச் செய்யாது.

மார்ச் 5

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. விசை வர்க்கத்தில் ஏறுகிறது என்றால் பாயின் பரப்பும் வர்க்கத்தில்தானே குறைய வேண்டும்? காற்று இரட்டித்தால் பாய் கால் பங்காக வேண்டும். கைக்கணக்கோ பாதியாக்கினால் போதும் என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. பாய் உணர்வது கரையில் நிற்பவர் உணரும் காற்றை அல்ல. பலகையின் ஓட்டம் தானே ஒரு காற்றை உண்டாக்குகிறது, இரண்டும் சேர்ந்ததுதான் பாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 நாட் காற்று, அகலமான பலகை, பெரிய பாய். காற்றுக்குக் குறுக்காக 15 நாட் வேகத்தில் சறுக்குகிறீர்கள். பாய் உணரும் காற்று 18 நாட். அடுத்து 20 நாட் காற்று. நீர் அலைபாய்கிறது, பலகை குலுங்குகிறது, நீங்கள் போவது 20 நாட் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய் உணரும் காற்று 28 நாட். வெளியே காற்று இரட்டித்தாலும் பாய்க்கு அது ஒன்றரை மடங்குதான். விசையில் நான்கு மடங்கு என்பது இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. மீதி வித்தியாசத்தை உடம்பு ஈடுகட்டுகிறது. பலத்த காற்றில் ஹார்னஸில் முழு எடையையும் தொங்கவிட்டு, மெல்லிய காற்றில் தாங்குவதைவிடக் கூடுதலாகத் தாங்குகிறோம்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 15 நாட் காற்றில் சறுக்கிக்கொண்டிருப்பவர் விழுந்து எழுந்தால், பலகை சும்மா நிற்கும்போது அவருக்குக் கிடைப்பது வெறும் 15 நாட் காற்றுதான். ஓடும்போது தாராளமாக இருந்த அதே பாய் மறுபடி கிளம்பும்போது போதாமல் இருக்கும். பாயை வீசி வீசிக் காற்றைத் திரட்டி எழும்பத் தெரிந்தவர் அரை சதுர மீட்டர் சிறிய பாயோடு போகலாம். அந்தப் பழக்கம் வராதவர் அதை எதிர்பார்த்து அளவைக் குறைக்கக் கூடாது. அளவைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எடை, இரண்டாவது கேட்பது இது.

மார்ச் 6

எடைதான் முதல் கேள்வி என்று சொல்வதற்கு ஒரு காட்சி. என் தங்கை 52 கிலோ, நான் 78. இருவரும் ஒரே நாள், ஒரே நீர்நிலை, காற்று 17 நாட் அளவில் ஒரே சீராக. அவள் 4.2 பாயோடும் நான் 6.2 பாயோடும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தோம். பலகையும் ஏறக்குறைய இணையானதுதான். என்னதான் வித்தியாசம் என்று பார்க்கலாமே என இருவரும் பாய்களை மாற்றிக்கொண்டோம்.

அவள் 6.2 பாயை உள்ளே இழுத்ததும் பின்கை நேராக நீண்டுவிட்டது. பாயை மூடினால் இடுப்போடு தூக்குகிறது, திறந்துவிட்டால் படபடவென்று அடித்துக்கொண்டு பலகை நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே அவளுக்கு நிற்க இடமே இல்லை. வலிமைக்குறைவு என்று சொல்லிவிட முடியாது, கம்பியில் தொங்கி என்னைவிட அதிகம் மேலேறுபவள் அவள். பாயின் இழுப்புக்கு எதிராகப் பின்னால் சாய்ந்து நிற்க எடை வேண்டும். அந்த நெம்புகோலில் 52 கிலோ ஒரு பக்கம், அவ்வளவுதான். தசையைக் கொண்டு அதை இட்டுநிரப்ப முடியாது.

எனக்கு 4.2 கையில் காகிதம்போல இருந்தது. ஹார்னஸில் சாய்ந்தால் பாய் என்னோடு சேர்ந்து சாய்கிறது, தாங்கவில்லை. பலகையின் வால் அமுங்கியே கிடந்தது. வீச்சு, அதாவது காற்று சட்டென்று ஏறும் கணம், வரும்போது மட்டும் மூக்கு இரண்டு விரல்கடை எழும்பும், பிறகு தளர்ந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 52-க்கு 4.1, 78-க்கு 6.1. ஆகவே ஒருவர் எந்தப் பாய் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அவர் எடையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பே இல்லை. பந்தய வீரர்கள் சிலர் எடை சேர்க்கும் அங்கி அணிந்து இறங்கியதும் இதே காரணத்தால்தான்.

மார்ச் 9

காற்றின் எண் எங்கிருந்து கிடைக்கிறது? வானிலை முன்னறிவிப்பிலிருந்து. இங்கே அலகு பெரும் குழப்பம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அறிவிப்பில் 20 என்று பார்த்துவிட்டுச் சிறிய பாயோடு போகிறவருக்கு, அது மணிக்குக் கிலோமீட்டர் என்றால் உண்மையில் கிடைப்பது 11 நாட் கூட இல்லை. மறுபக்கம், விநாடிக்கு 10 மீட்டர் என்பதை '10 தானே' என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அது 19 நாட் தாண்டிய காற்று. பாயைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அலகைப் படியுங்கள்.

அறிவிப்பில் இரண்டு எண்கள் இருக்கும், சராசரி ஒன்று, வீச்சு ஒன்று. '15, வீச்சு 21' என்றால் 6 நாட் வித்தியாசம் என்று தோன்றும். வர்க்கத்தில் பார்த்தால் வீச்சின்போது விசை ஏறக்குறைய இரட்டிப்பு. '18, வீச்சு 21' என்ற நாளும் இருக்கும். இரண்டு நாளும் உச்சம் 21தான், பாய் மட்டும் ஒன்றல்ல.

கண்ணால் பார்ப்பதும் பழக வேண்டும். போஃபர்ட் அளவுகோலில் 3 என்பது 7 முதல் 10 நாட். அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கும். 4 என்பது 11 முதல் 16. நுரைத்தலைகள் எங்கும் தெரியும். 5 என்பது 17 முதல் 21. நுரைத்தலைகள் நிறைய இருக்கும், கொஞ்சம் தூவானமும் பறக்கலாம். திறந்த கடலுக்கான வருணனை இது. சிறிய ஏரியில் அலை வளர இடமில்லாததால் அதே காற்றில் நுரை குறைவாகத் தெரியும். கரையோரம் மரங்கள் மறைத்தால் காலடி நீர் கண்ணாடியாகக் கிடக்க, நூறு மீட்டர் தள்ளி வேறு உலகமாக இருக்கும். கரையின் நீரைப் பார்த்துப் பாயைக் கட்டாதீர்கள். நடு நீரைப் பாருங்கள், குறைந்தது கால் மணி நேரம் பாருங்கள். கரும்பட்டைகளாக வீச்சுகள் நீர்மேல் ஓடிவரும். அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள்.

மார்ச் 10

அறிவிப்பில் வரும் காற்று தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. பாய் இருப்பது முதல் ஐந்து மீட்டருக்குள். நீரை ஒட்டிக் காற்று மெலியும். அறிவிப்பு 15 என்றால் பூம் உயரத்தில் அதற்குச் சற்றுக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

மார்ச் 14

கேட்டவர் சொன்ன 'கயிறுகளை இறுக்கிச் சமாளிக்கலாம்' என்பதற்கு இப்போது வருகிறேன். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் பலர் செய்வதில்லை.

பாயில் இரண்டு இழுப்புகள். பாயின் அடிமுனையைப் பாய்மரத்தின் அடியை நோக்கிக் கீழே இழுக்கும் டவுன்ஹால். பின்முனையைப் பூமின் கடைசியை நோக்கி வெளியே இழுக்கும் அவுட்ஹால். பாயைத் தட்டையாக்கவோ தளர்த்தவோ எல்லோரும் கைவைப்பது அவுட்ஹாலில், ஏனென்றால் அது சுலபம். பாயின் குணத்தைத் தீர்மானிப்பதோ டவுன்ஹால்.

மணலில் பாயைக் கிடத்தி, பாய்மரத்தை அதன் உறைக்குள் ஏற்றி, கயிற்றைக் கப்பிகளில் கோத்து இழுக்கும்போது கவனியுங்கள். ஆரம்பத்தில் கயிறு எளிதாக வரும். பாய்மரம் வளைய வளைய இறுகும். கடைசிச் சில சென்டிமீட்டர் வெறுங்கையால் வராது. மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி, மரத்தின் அடியில் காலை உதைத்து, உடம்பால் இழுக்க வேண்டும். அப்போது பாயின் உச்சியைப் பாருங்கள். மேலே உள்ள பின்விளிம்பு மெல்ல விறைப்பை இழந்து, துணி தொளதொளவென்று சுருக்கம் விழத் தொடங்கும். அந்தச் சுருக்கம் உச்சியிலிருந்து இரண்டாவது பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கக் குறுக்கே செருகிய பட்டை), மூன்றாவது பேட்டன் என்று உள்நோக்கி இறங்கும். புதியவர்கள் இங்கே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பாய் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். அதுதான் சரியான நிலை. வீச்சு வரும்போது அந்தத் தளர்ந்த உச்சி முறுக்கிக்கொண்டு திறந்து, மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிடும். இழுப்பின் மையம் கீழேயும் முன்னேயும் இருக்கும். டவுன்ஹால் போதாத பாயில் உச்சி இறுக்கமாக நின்று வீச்சு முழுவதையும் வாங்கும், மையம் பின்னால் நகரும், பின்கை பிய்ந்துபோகும். 'பாய் எனக்குப் பெரிது' என்று வருபவர்களின் பாயை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் டவுன்ஹால் இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்கிறது. அளவில் குறை ஒன்றும் இல்லை.

பாயின் அடிப்பகுதியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள், முன்விளிம்பின் நீளம் ஒன்று, பூமின் நீளம் ஒன்று. முதல் எண்ணுக்குக் கட்டிவிட்டு, உச்சியின் தளர்வைப் பார்த்து ஓரிரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்குங்கள். அவுட்ஹாலைக் குறைந்த காற்றில் வயிறு விழும்படி விட்டு, கூடிய காற்றில் சில சென்டிமீட்டர் இழுத்தால் போதும்.

மார்ச் 15

அப்படியென்றால் 7.5 பாயையும் இறுக்கி 6.5 ஆக்கிக்கொள்ளலாம்தானே என்று உடனே கேட்டிருக்கிறார்கள். முடியாது. இறுக்கினால் பாய் தாங்கும் காற்றின் எல்லை மேல்புறம் சில நாட் விரிகிறது. பரப்பு குறையவில்லை, எடை குறையவில்லை, நீண்ட பூமைச் சுழற்றும் கஷ்டம் குறையவில்லை. ஒரு பாயின் மேல் எழுதிய எண் ஒரு பட்டையின் நடுப்புள்ளி; கயிறு அந்தப் பட்டையை அகலப்படுத்தும், நடுப்புள்ளியை நகர்த்தாது.

மார்ச் 20

இரண்டு அளவுக்கு நடுவே ஊசலாடினால் சிறியதை எடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இந்த வாரம் யோசித்துப் பார்த்ததில் அதை இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும் என்று படுகிறது.

காற்று சீராக இருந்தால், '18, வீச்சு 21' மாதிரி நாள் என்றால், தயங்காமல் பெரியதை எடுக்கலாம். தொய்விலும் பலகை சறுக்கும், வீச்சு உங்களைத் தாண்டிப் போகாது. '15, வீச்சு 24' என்பதுதான் சிக்கலான நாள். வீச்சுக்கு ஏற்பக் கட்டினால் தொய்வில் நின்றுவிடுவீர்கள். தொய்வுக்கு ஏற்பக் கட்டினால் வீச்சில் பறந்துவிடுவீர்கள். அப்போது நான் பார்ப்பது இடைவெளியை. வீச்சு வந்து அரை நிமிடம் நின்று போகிறது, தொய்வு நீளமாக இருக்கிறது என்றால் கொஞ்சம் பெரிய பாய், நிறைய டவுன்ஹால். வீச்சுதான் பெரும்பாலான நேரம், தொய்வு இடையிடையே என்றால் சிறிய பாய், சற்றுக் கூடுதல் லிட்டர் உள்ள பலகை. மிதப்பு தொய்வைக் கடத்திக்கொடுக்கும், பாய் வீச்சைக் கடத்திக்கொடுக்கும். அளவுத் தேர்வில் இந்த வேலைப் பங்கீட்டை உணர்ந்தபிறகு என் நாள்கள் மிகவும் மேம்பட்டன.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்று ஏறிக்கொண்டே போகும் நாளிலும், அலை உயரமாக இருக்கும் நாளிலும், தனியாக இறங்கும் நாளிலும் சிறியதுதான். காற்று கரையிலிருந்து உள்நோக்கி அடித்தால் எந்த அளவும் வேண்டாம், இறங்கவே வேண்டாம்.

மார்ச் 21

மேலே 'உள்நோக்கி' என்றது நீரின் உட்பகுதியை நோக்கி, அதாவது கரையிலிருந்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகும் காற்று. அந்தக் காற்றில் கரையோரம் எப்போதும் அமைதியாகத் தெரியும். அதுதான் ஏமாற்றுகிறது.

மார்ச் 27

பலகைக்கும், அதன் அடியில் வால்பக்கம் நீருக்குள் நிற்கும் துடுப்பான ஃபின்னுக்கும் வருவோம். ஒவ்வொரு பலகைக்கும் தயாரிப்பாளர் பொருத்தமான பாய் எல்லை கொடுத்திருப்பார். 120 லிட்டர் பலகை ஒன்று 5.5 முதல் 8.0 வரை என்று சொன்னால் இரண்டு ஓரமும் வேலை செய்யும், இன்பம் நடுவில்தான் இருக்கும். சிறிய குறுகிய பலகையில் பெரிய பாய் போட்டால் பாயின் எடை மூக்கை அமுக்கும், வால் ஃபின்மேல் தள்ளாடும். அகலமான பலகையில் மிகச் சிறிய பாய் போட்டால் பலத்த காற்றில் பலகையின் அடிப்பக்கமே காற்றைப் பிடித்துத் தூக்கிக்கொள்ளும்.

ஃபின்னை மறந்துவிடுகிறார்கள். பாய் பக்கவாட்டில் தள்ளுவதை எதிர்த்து நிற்பது ஃபின். பெரிய பாய்க்கு நீள ஃபின், சிறிய பாய்க்குக் குட்டை ஃபின். பாயை 7.5-இலிருந்து 5.5-க்கு மாற்றிவிட்டு அதே நீள ஃபின்னோடு போனால் வேகம் ஏறியதும் பலகை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். 'காற்று அதிகம், பாய் இன்னும் பெரிது' என்று தோன்றும். பாய் சரியாகவே இருக்கும், ஃபின்தான் பெரிது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஃபின் போதாவிட்டால் பின்காலை அழுத்தியதும் வால் நழுவி வழுக்கிக்கொண்டு போகும்.

மார்ச் 28

ஒலிம்பிக்கில் எல்லோருக்கும் ஒரே அளவு பாய்தானே, எடைக்கேற்ப மாற்றுவதில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல் வகையில் 7.4. அடுத்து ஆர்எஸ்:எக்ஸ் வகையில் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 8.5. 2024 பாரிஸ் போட்டியில் நீருக்கு மேலே எழும்பும் ஐக்யூஃபாயில் வகையில் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0. அங்கே பாய் ஆளுக்கேற்ப மாறுவதில்லை, ஆள்தான் பாய்க்கேற்பத் தன் எடையை வைத்துக்கொள்கிறார். ஐந்து நாட் காற்றானாலும் இருபத்தைந்து ஆனாலும் அதே பாயோடு தாக்குப்பிடிக்கும் உடற்பயிற்சி அது. அதைப் பார்த்து நாம் அளவு எடுக்கக் கூடாது. வெல்வதற்காகக் கட்டுகிற பாய் வேறு, மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாக நீரில் இருப்பதற்குக் கட்டுகிற பாய் வேறு.

ஏப்ரல் 3

'குளிர்காலத்துக் காற்றுக்குக் கனம் அதிகம், அதே எண்ணுக்குச் சிறிய பாய் போதும்.' இது வெறும் நம்பிக்கையா என்று கேட்டவருக்கு: நம்பிக்கையில்லை, இயற்பியல். கடல்மட்டத்தில் 5 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆனால் அதன் விளைவு 15 நாட் காற்று 15.7 போல இருப்பதுதான். ஒரு பாய் அளவு மாறும் அளவுக்கு இல்லை. மலை ஏரிகளில்தான் உண்மையாகவே தெரியும்: 2000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைகிறது, அங்கே ஒரு படி பெரிய பாய் தேவைப்படும். 'ஈரக்காற்று கனமானது' என்பது மட்டும் பிழை. நீராவி வறண்ட காற்றைவிட இலேசானது. வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம், விட்டுவிடலாம்.

ஏப்ரல் 8

இரண்டாவது பாய் எப்போது, எவ்வளவு இடைவெளியில்?

சதுர மீட்டரில் எண்ணாதீர்கள், சதவீதத்தில் எண்ணுங்கள். 4.0-க்கும் 4.5-க்கும் இடையே 12 சதவீதத்துக்கு மேல். 8.0-க்கும் 8.5-க்கும் அதே அரை மீட்டர்தான், வித்தியாசம் வெறும் 6 சதவீதம்; அந்த இரண்டையும் வைத்துக்கொள்வது வீண். 15 முதல் 20 சதவீத இடைவெளி வைத்தால் ஒன்றின் எல்லை முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். 4.0, 4.7, 5.5, 6.5, 7.7 என்று போவது அப்படித்தான். 5.8 வைத்திருப்பவருக்கு அடுத்தது 4.8 அல்லது 7.0. எது முதலில் என்பதை, கரையில் அமர்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களை நினைத்துத் தீர்மானியுங்கள். காற்று போதாமல் அமர்ந்திருந்தீர்களா, மிஞ்சியதால் அமர்ந்திருந்தீர்களா?

பாய்மரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும், செலவு அங்கே ஒளிந்திருக்கிறது. மரங்கள் 370, 400, 430, 460, 490 சென்டிமீட்டர் என்று வருகின்றன. பொதுவாக 4.7 பாய் 400 மரத்தில், 5.8 பாய் 430 மரத்தில், 7.0 பாய் 460 மரத்தில் உட்காரும். அடித்துண்டை நீட்டிக் கொஞ்சம் ஈடுகட்டலாம். மரத்தின் விறைப்பை நீட்ட முடியாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் பாயின் வளைவை ஒரு குறிப்பிட்ட வகை மரத்தின் வளைவுக்குத் தைக்கிறார். சிலரது மரம் உச்சியில் அதிகம் வளையும், சிலரது முழுவதும் சீராக வளையும். பொருந்தாத மரத்தில் கட்டிய 5.8 எவ்வளவு டவுன்ஹால் கொடுத்தாலும் 5.8 போல நடந்துகொள்ளாது. அளவு சரியாக இருந்தும் பாய் பிடிக்கவில்லை என்றால் நான் அடுத்ததாகச் சந்தேகப்படுவது மரத்தை.

ஏப்ரல் 9

கேம்பர் உள்ள பாய், இல்லாத பாய் பற்றிச் சுருக்கமாக. கேம்பர் என்பது பேட்டனின் முனையில் மரத்தைக் கவ்வும் சிறு கவை. அது பாயின் வடிவத்தை எப்போதும் நிறுத்திவைக்கும், காற்று தொய்ந்தாலும் பாய் தட்டையாகாது. அதனால் எல்லை இரு பக்கமும் கொஞ்சம் அகலம். விலை என்னவென்றால் கனம், சுழற்றும்போது முரட்டுத்தனம், நீரில் விழுந்தால் உறைக்குள் நிறையத் தண்ணீர். 7.0-க்குக் கீழே பொழுதுபோக்குக்கு அது தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஏப்ரல் 16

பழைய பாய் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அளவு 6.0, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். அளவைப் பார்ப்பதற்கு முன் வயதைப் பாருங்கள். எண்பதுகளின் மென்துணிப் பாய்கள் வீச்சில் இழுபட்டு வயிறு பின்னால் தள்ளும். முறுக்கித் திறக்கும் உச்சி அவற்றில் இல்லை. அதனால் அந்த 6.0 தாங்கும் பட்டை மிகக் குறுகியது. குறைந்த காற்றில் சோர்வு, கூடினால் முரண்டு. அடுத்து, தெளிவான பிலிம் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த பிலிம் மங்கி, மடிப்புகளில் நொறுங்கத் தொடங்கியிருக்கும். நகத்தால் மெல்ல வளைத்தால் சத்தமே வேறாக இருக்கும், காய்ந்த சருகு மாதிரி. பேட்டன் முனைகளையும், கால் உரசும் அடிப்பகுதியையும், பின்முனைக் கண்ணையும் பாருங்கள். எந்த மரத்துக்கு என்று அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஏப்ரல் 24

ஃபாயில், அதாவது ஃபின்னுக்குப் பதிலாகப் பலகையின் அடியில் இருந்து அதை நீரைவிட்டுத் தூக்கும் இறக்கை, வாங்கியவர்கள் மேலே உள்ள எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பலகை நீரைவிட்டு எழும்பியதும் தடை பெருமளவு குறைந்துவிடுகிறது. அதே ஆளுக்கு, அதே காற்றுக்கு, ஃபின்னில் தேவைப்படுவதைவிட ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் சிறிய பாய் போதும். ஃபாயிலில் மிஞ்சிய பாய் ஃபின்னைவிடவும் மோசம்.

ஏப்ரல் 25

குழந்தைக்கு எந்த அளவு என்று நேற்று கேட்டவருக்கு. 25, 30 கிலோ பிள்ளைக்கு 1.5 முதல் 2.5. அந்த வயதில் கைக்கணக்கெல்லாம் வேண்டாம். ஒரே சோதனைதான்: நீரில் கிடக்கும் பாயை அவன் யாருடைய உதவியும் இல்லாமல் ஐந்தாறு முறை அடுத்தடுத்துத் தூக்க வேண்டும். மூன்றாவது முறையிலேயே முகம் சுருங்கினால் பாய் பெரிது. பெரியவர்களின் பாயைச் சுருட்டியோ தளர்த்தியோ கொடுக்காதீர்கள். பூமின் பருமன் அவன் கைக்கு அடங்காது, மரமும் அவனுக்கு மிக நீளம். சிறு பிள்ளைகளுக்கான மெல்லிய பூமோடு முழுத் தொகுதியாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.